தாய் கேட்ட மௌனம்

பெற்ற பொழுதிலே கொண்ட உவகையினும் பெரியதோர் உவகை தாய்க்கு உண்டு என்று கண்டு சொன்னார் வள்ளுவர். தன் மகன் சான்றோன் என்று பிறர் புகலக் காதால் கேட்கும் நாளிலே அந்த உவகை பிறக்கிறதாம். நுண்ணிய உண்மை அது! தான் அறிந்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதிலே தாய்க்கு நிறைவில்லை. ஊர் சொல்ல வேண்டும். அவள் கேட்க வேண்டும்.

ஆனால் ஊர் வாய் திறக்க மறுத்தால்? மகன் வென்றுவிட்டான் என்று நன்றாகத் தெரிந்தும், தெரிந்த காரணத்தினாலேயே, ஆயிரக்கணக்கானோர் உதடுகளைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அந்தத் தாயின் செவியிலே விழுவது என்ன? அவள் உள்ளத்திலே எழுவது என்ன?

1958-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கில், லோதேர் கிரீன் என்னும் கறுப்பினத் தாய்க்கு அப்படியொரு வேளை வந்தது. அவருடைய மகன் எர்னஸ்ட் கிரீனுக்கு அப்போது வயது 16. உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற மேடையேறினான். பள்ளிப் படிப்பை முடிப்பது ஒரு பெரிய காரியமா, ஊருக்கு ஊர் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சிதானே என்று எண்ணலாம். அந்த மேடைக்கு அவன் ஏறிய படிகள் எவை என்பதை அறிந்தால் அப்படி எண்ணத் தோன்றாது.

அமெரிக்காவிலே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். விலங்கு அகன்றது, வேலி அகலவில்லை. 1896-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது குற்றமன்று, இரு சாராருக்கும் தரப்படும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. “பிரிவும் உண்டு, சமத்துவமும் உண்டு” என்பது அதன் சாரம். தேனும் உண்டு, தேளும் உண்டு என்பது போன்ற நீதி! பிரிவு மட்டும் ஒழுங்காக நடந்தது. சமத்துவம் ஏட்டிலே உறங்கிற்று.

லிட்டில் ராக்கிலேயே அதன் இலக்கணத்தைக் காணலாம். வெள்ளையர் பிள்ளைகளுக்கென்று 1927-இல் சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளி எழுந்தது. செலவு 15 இலட்சம் டாலர். நாட்டிலேயே எழில்மிக்க பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் புகழ்ந்த மாளிகை அது. இரண்டாண்டுகள் கழித்து, 1929-இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கு டன்பார் பள்ளி கட்டப்பட்டது. அதற்கான செலவு 4 இலட்சம் டாலர். அதிலும் ஒரு பகுதி வெளியார் அறநிதியிலிருந்து வந்தது. வெள்ளையர் பள்ளியிலே படித்துப் பழசாகிப் பக்கம் கிழிந்த பாடநூல்கள் கறுப்பினப் பள்ளிக்கு வந்து சேரும். நூலின் முதற்பக்கத்திலே முன்பு அதை வைத்திருந்த வெள்ளை மாணவனின் பெயர் இருக்கும். அறிவுகூட அவர்களுக்கு எச்சிலாகவே பரிமாறப்பட்டது.

அந்த ஊரிலே லோதேர் கிரீன் ஆசிரியை. ஆசிரியர் தொழிலிலும் நிறத்துக்கொரு கூலி இருந்தது. ஒரே பாடம், ஒரே உழைப்பு. ஆயினும் கறுப்பின ஆசிரியர் கைக்கு வரும் ஊதியம் குறைவு. 1942-இல் அவ்வூரின் கறுப்பின ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். வழக்கைத் தம் பெயரிலே தாங்கிய ஆசிரியை வேலையை இழந்தார். 1945-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வாதாடியவர்களுள் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில், 1967-இல், உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவர். உரிமை என்பது இரந்து பெறுவதன்று, வழக்காடியும் இழந்தும் பெறுவது என்பதைத் தம் ஊரிலேயே கண்ட ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்தவர் லோதேர். மகனை வளர்க்க அவருக்குத் தனியாக ஒரு தத்துவ நூல் தேவைப்பட்டிருக்காது.

1954 மே 17. தர்குட் மார்ஷலும் அவர்தம் தோழர்களும் வாதாடிய வழக்கிலே, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் ஒருமனதாக அறிவித்தது. பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால், எப்போது சேர்த்து வைப்பது? அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தீர்ப்பு, விரைவாகவும் நிதானமாகவும் செய்க என்ற பொருள்படப் பேசிற்று. விரைவு என்ற சொல்லைக் கறுப்பின மக்கள் பற்றிக்கொண்டனர். நிதானம் என்ற சொல்லை ஆதிக்கக்காரர்கள் பற்றிக்கொண்டனர். நீதிமன்றங்கள் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் சற்று எச்சரிக்கையாக இருந்திருக்கலாம்.

லிட்டில் ராக்கின் கல்விக் குழு 1957 இலையுதிர் காலத்திலே தொடங்குவதென்று முடிவு செய்தது. சென்ட்ரல் பள்ளிக்கு மாற விரும்பியவர்களிலிருந்து 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியபோது எஞ்சியவர்கள் 9 பேர்.

மற்ற எட்டுப் பேர் ஏன் பின்வாங்கினர்? கோழைகள் என்று கூறிவிட நமக்கு உரிமையில்லை. பெற்ற பிள்ளையை வெறிக்கும்பலின் நடுவே அனுப்பு என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் தாயைப் பழிப்பது எப்படி? பழிக்க வேண்டியது அப்படியொரு கேள்வியைக் கேட்கவைத்த சமுதாயத்தை. ஆனால் அனுப்பிய ஒன்பது வீட்டாரை எண்ணும்போது, நம் புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் நினைவுக்கு வருகிறாள். தமையனையும் கணவனையும் அடுத்தடுத்துப் போர்க்களத்திலே இழந்தவள், எஞ்சிய ஒரே மகனுக்குத் தலைவாரி விட்டு, கையிலே வேலைக் கொடுத்து அனுப்பினாள். லோதேரின் கணவரும் முன்னரே மறைந்தவர். அவர் மகனை அனுப்பியது புத்தகத்தோடு. படையோ எதிரே நின்றது.

எர்னஸ்ட், கறுப்பின மாணவர்க்கென்று 1956-இல் திறக்கப்பட்ட ஹொரேஸ் மான் பள்ளியிலே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். சாரணர் இயக்கத்திலே உச்சநிலையான கழுகுச் சாரணன் பட்டம் பெற்றவன். பள்ளி இசைக்குழுவிலே சாக்ஸபோன் வாசித்தவன். இன்னும் ஓராண்டு, பழகிய தோழர்களோடு பாடிக் களித்துப் படிப்பை முடித்திருக்கலாம். அந்தக் கடைசி ஆண்டைத்தான் அவன் சென்ட்ரல் பள்ளிக்குக் கொடுத்தான். ஒன்பது பேரிலே இறுதி வகுப்பு மாணவன் அவன் ஒருவனே. பட்டம் பெறும் முதல் கறுப்பின மாணவன் ஒருவன் அந்த ஆண்டிலே தோன்றவேண்டுமானால் அது அவனாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே, அவன் தோற்கவேண்டும் என்று காத்திருந்தவர்கள் பலர்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஆகஸ்டிலே வெள்ளையின மாதர் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளித் தாய்மார் சங்கம் என்று பெயர். தாய்மையின் பெயரால் அவர்கள் கேட்டது, மற்றத் தாய்மார்களின் பிள்ளைகளை உள்ளே விடாதே என்பது! பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதென்று உள்ளூர் நீதிமன்றத்திலே தடையாணைகூட வாங்கினர். மறுநாளே கூட்டரசு நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இரு சாராருக்கும் தாயன்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தன் பிள்ளை உயர, வேறொருத்தி பிள்ளை வெளியே நிற்கவேண்டும் என்று கேட்கும் அன்பு எந்த வகையைச் சேர்ந்தது? கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையைப் புண்ணியக் கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அன்பின் முகம் அறிமுகமானதுதான்.

செப்டம்பர் 4-ஆம் நாள், பெற்றோர் உடன் வரவேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. பெரியவர்கள் வந்தால் காப்பது கடினமாம். பிள்ளைகள் மட்டுமே போயினர். மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் ஏவிய தேசியக் காவற்படை துப்பாக்கியோடு வாயிலை மறித்தது. மாணவரைக் காக்க அன்று, மாணவரைத் தடுக்க! செய்தி சொல்லத் தொலைபேசி இல்லாத வீட்டிலிருந்து தனியே வந்த எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுச் சிறுமி, கூச்சலிடும் கும்பலுக்கு நடுவே, கறுப்புக் கண்ணாடி அணிந்து, நெஞ்சோடு நூலை அணைத்துக்கொண்டு நடந்த புகைப்படம் உலகமெங்கும் பரவிற்று. அவளுடைய தாயும் தந்தையும் அந்தக் காலைப்பொழுதை எப்படிக் கழித்திருப்பர் என்று எழுத எனக்குச் சொல் வரவில்லை.

நீதிமன்றம் தலையிட்டது. காவற்படை விலகிற்று. செப்டம்பர் 23-ஆம் நாள் ஒன்பது பேரும் பக்க வாயில் வழியே உள்ளே நுழைந்தனர். எர்னஸ்டுக்கு 16 வயது நிறைந்து ஒரே நாள் ஆகியிருந்தது. வெளியே ஆயிரம் பேர் கொண்ட கும்பல் ஊளையிட்டது. நண்பகலுக்கு முன்பே பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், 101-ஆம் வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர்! உலகின் தலைமைக்கு உரிமை கொண்டாடிய வல்லரசு தன் மக்களைத் தன் பள்ளிக்கு அனுப்பத் துப்பாக்கி முனையை நாடிய அந்த நாட்களிலேதான், அக்டோபர் 4-ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிலே ஏவியது. வாஷிங்டனிலே வெட்கப்பட இரண்டு காரணங்கள் இருந்தன. அவர்கள் இரண்டாவதற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டார்கள் போலும்.

படைவீரர் வாயில் வரை, வகுப்பறைக் கதவு வரை வரலாம். வகுப்பறைக்குள்ளே? குளியலறையிலே? படிக்கட்டின் திருப்பத்திலே? உண்மையான ஆண்டு அங்கேதான் நடந்தது. தள்ளினர், உதைத்தனர், உமிழ்ந்தனர். நூல்கள் காணாமற்போயின. மற்ற மாணவரோடு விளையாட்டுக்குழுவில் சேரத் தடை. மன்றங்களிலே சேரத் தடை. இசைக்குழுவிலே சேரத் தடை. சாக்ஸபோன் வாசித்த பையன் ஓராண்டு முழுவதும் மற்றவர் வாசிப்பதைக் கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலான கட்டளை ஒன்றிருந்தது: திருப்பி அடிக்கக்கூடாது. அடித்தால், அதுவே போதும் வெளியே தள்ள.

டிசம்பர் 17-ஆம் நாள் உணவுக்கூடத்திலே மினிஜீன் பிரௌன் என்னும் மாணவி தட்டோடு நடந்தாள். வெள்ளை மாணவர்கள் நாற்காலிகளை நகர்த்தி நகர்த்தி வழிமறித்தனர். தட்டிலிருந்த குழம்புக் கிண்ணம் இருவர் தலையிலே கவிழ்ந்தது. கூடம் உறைந்தது. அடுத்த நொடி, சமையற்கட்டிலிருந்து கைதட்டல் எழுந்தது! அங்கே வேலை செய்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தார். இதைக் கண்ணால் கண்ட எர்னஸ்ட் பின்னாளிலே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மாளிகையிலே கறுப்பினத்தார்க்கு இருந்த இடம் அதுவரை சமையற்கட்டு ஒன்றுதான்; அந்த ஆண்டு முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளுக்காக எழுந்த ஒரே கைதட்டலும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. பிப்ரவரியிலே மினிஜீன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். ஒருத்தி ஒழிந்தாள், இன்னும் எட்டுப்பேர் என்று அச்சிட்ட சீட்டுகள் மாணவர் கைகளிலே உலவின.

பெற்றோர் என்ன செய்துகொண்டிருந்தனர்? விலை கொடுத்துக்கொண்டிருந்தனர். ஒரு மாணவியின் தாய் மாநில அரசுப் பணியை இழந்தார். இன்னொரு மாணவியின் தந்தைக்கு உள்ளூரிலே கட்டட வேலை தருவாரில்லை. பிள்ளைகளுக்கு அரணாக நின்ற டெய்சி பேட்ஸ் அம்மையாரும் அவர் கணவரும் நடத்திய ஏட்டுக்கு விளம்பரம் தருவோர் விலகினர்; 1959-இல் அந்த ஏடு நின்றே போயிற்று. மாலையிலே பிள்ளை வீடு திரும்பும்போது சட்டையிலே கறை. என்னவென்று கேட்டால் பாதி சொல்வான், பாதி விழுங்குவான். கேட்பவளும் பாதிதான் கேட்பாள். மறுநாள் காலை மீண்டும் அனுப்ப வேண்டுமே! எட்டு வீடுகளிலும் அந்தக் காலைகள் வந்துகொண்டேயிருந்தன. போர்க்களத்துக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாய் ஒருமுறை அனுப்பினாள். இவர்கள் நாள்தோறும் அனுப்பினர்.

மே 27 வந்தது. பள்ளியின் விளையாட்டரங்கிலே பட்டமளிப்பு விழா. 602 பேர் பட்டம் பெறுவோர். அவர்களிலே 601 பேர் வெள்ளையர். சுற்றிலும் காவலர், படைவீரர், செய்தியாளர், ஒளிப்படக் கருவிகள். கறுப்பினக் குடும்பம் ஒன்று கூட்டத்திலே அமர்ந்திருந்தது: லோதேர் கிரீன், அவர்தம் உறவினர். அவர்களோடு 29 வயதான ஒரு பாதிரியாரும் உட்கார்ந்திருந்தார். அன்று அருகிலிருந்த பைன் பிளஃப் நகரின் கறுப்பினக் கல்லூரியிலே பட்டமளிப்புச் சொற்பொழிவு ஆற்ற வந்தவர், இந்தப் பையன் மேடையேறுவதைக் காணவேண்டும் என்று இங்கே வந்திருந்தார். கூட்டத்திலே பெரும்பாலோர் அவரைக் கவனிக்கவேயில்லை. அவர் மார்ட்டின் லூதர் கிங். மாண்ட்கோமரி நகரிலே பேருந்துப் புறக்கணிப்பை நடத்தி வென்று ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

பெயர்கள் அழைக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு மூலையிலிருந்து கைதட்டல்; ஒரு தந்தையின் சீட்டி; ஒரு தங்கையின் கூவல். ஊரெங்கும் இருக்கும் வழக்கம்தான். எர்னஸ்ட் கிரீன் என்ற பெயர் அழைக்கப்பட்டது.

ஒலியில்லை.

ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கு கல்லாய் இருந்தது. மேலங்கி அணிந்த பையன் அந்த மௌனத்தின் குறுக்கே நடந்தான். அப்போது அவன் மனத்திலே இருந்தது என்ன? இத்தனை கருவிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் இடறி விழுந்துவிடக்கூடாதே என்ற கவலைதான் என்று பின்னாளிலே சிரித்தபடி கூறியிருக்கிறார். அந்தத் தாளைக் கையிலே வாங்கிய கணத்திலே ஒரு சுவரிலே விரிசல் விழுந்தது என்று உணர்ந்ததாகவும் கூறியிருக்கிறார். கை தட்டவில்லையே என்று அவன் வருந்தவில்லை. தட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்றே தோன்றியதாம். தான் வந்த காரியம் முடிந்தது. கிங் வந்திருந்ததையும் விழா முடிந்து குடும்பத்தாரிடம் வந்தபோதுதான் அறிந்தான்.

இனி அந்தத் தாயைப் பார்ப்போம். சான்றோன் எனச் சொல்லப் பிறர் வாய் திறக்கவில்லை, கேட்க எதுவுமில்லை. ஆயினும் அந்த அரங்கிலே அமர்ந்திருந்த பெற்றோர் அனைவரிலும் தம் பிள்ளையைப் பற்றி ஐயமற்ற சான்று பெற்றவர் லோதேர் ஒருவரே என்பேன். மற்றப் பெற்றோர் கேட்ட கைதட்டல் அன்பினால் வந்தது, உறவினால் வந்தது, சில வேளை வெறும் வழக்கத்தினால் வந்தது. எர்னஸ்டுக்குக் கிடைத்த மௌனமோ, அவன் செய்தது எத்துணைப் பெரிது என்பதை அளந்தறிந்தவர்கள் கொடுத்தது. பகைவன் அளக்கும் அளவில் கலப்படம் இராது. சிறிய செயலுக்கு ஒரு கூட்டம் இவ்வளவு பாடுபட்டு வாயை மூடிக்கொள்ளுமா? தட்டத் துடித்த கை ஒன்றிரண்டு அந்த வெள்ளையர் கூட்டத்திலும் இருந்திருக்கலாம்; அயலான் என்ன நினைப்பானோ என்று மடியிலேயே கிடந்திருக்கும். ஆதிக்கம் அடக்கப்பட்டவனை மட்டும் ஊமையாக்குவதில்லை.

அவர் பெருமிதம் கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகன் ஒருவனே ஏறி, ஏணியை எட்டி உதைத்துவிடும் உயர்வு அன்று அது. ஓராண்டு உதைபட்டு அவன் பெற்ற தாளில் ஒரு பெயர்தான் இருந்தது. ஆனால் பின்னால் வரப்போகும் பிள்ளைகளிடம், உங்களால் இங்கே படித்து முடிக்க முடியாது என்று எவனும் இனிக் கூறமுடியாது.

கூறமுடியாது என்று கண்டவர்கள் வேறு வழி தேடினர். அவ்வாண்டு செப்டம்பரிலே ஆளுநர் ஃபாபஸ் லிட்டில் ராக்கின் நான்கு உயர்நிலைப்பள்ளிகளையும் இழுத்து மூடினார். கறுப்பர் உள்ளே வருவதைவிட எவருமே உள்ளே வராதிருப்பது மேல்! பொது வாக்கெடுப்பிலே 19,470 பேர் மூடியே இருக்கட்டும் என்றனர். 7,561 பேர் திறக்கச் சொன்னனர். கறுப்பரும் வெள்ளையருமாக மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட மாணவர் தெருவிலே நின்றனர். ஒன்று மட்டும் நிற்கவில்லை: பள்ளியின் காற்பந்தாட்டம்! பாடம் இல்லாத பள்ளிக்குப் பந்தயக் குழு இருந்தது. கணக்கும் இலக்கணமும் கெட்டால் கெடட்டும், வெள்ளிக்கிழமை ஆட்டம் கெடலாமா? ஆதிக்க வெறி தன் பிள்ளையின் கண்ணையும் குத்தத் தயங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1959 ஆகஸ்டிலே பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஒன்பதின்மரில் கார்லோட்டா வால்ஸ், ஜெஃபர்சன் தாமஸ் இருவரும் சென்ட்ரல் பள்ளிக்கே திரும்பினர். 1960 பிப்ரவரியிலே கார்லோட்டாவின் வீட்டிலே குண்டு வெடித்தது. மறுநாள் காலை அவள் பள்ளிக்குப் போனாள். அந்த மே மாதத்திலே இருவரும் பட்டம் பெற்றனர்.

எர்னஸ்ட் கிரீனின் எதிர்காலம்? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. கொடுத்தவர் பெயரை வெளியிட விரும்பவில்லை. அங்கே சென்ற இளைஞர் கறுப்பின மாணவர்களின் உரிமைக்காகக் குரல் எழுப்பினார். பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஹன்னாவின் போக்கைக் கண்டித்து அவர் இல்லத்தின் முன்னே மறியலும் செய்தார். உதவித்தொகையைக் கொடுத்தவர் அதே ஜான் ஹன்னாதான் என்பது பல்லாண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. கொடுத்த கை தன் பெயரைச் சொல்லி வாயை அடைக்க முயலவில்லை. மறியலைக் கண்டு தொகையை நிறுத்தவுமில்லை. நம் நாட்டுப் புரவலர் சிலர் கவனிக்கத்தக்க செய்தி.

1962-இல் இளங்கலைப் பட்டமும், 1964-இல் சமூகவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு அவர் தேர்ந்தெடுத்த பணியைத்தான் கவனிக்கவேண்டும். பட்டம் பெற்றவர் பட்டம் பெறாதவரை மறக்கவில்லை. கட்டட வேலை, குழாய் வேலை, மின் வேலை முதலிய கைத்தொழில்களிலே நல்ல கூலி உண்டு. ஆனால் பழகுநராகச் சேர்க்கும் வாயிலைச் சங்கங்கள் வெள்ளையர்க்கே திறந்து வைத்திருந்தன. தந்தை இருந்தால் மகன் சேரலாம். தந்தையையே சேர்க்காத இடத்தில் மகன் எப்படிச் சேர்வான்? தொழிலாளர் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் பெயரில் அமைந்த நிறுவனத்தின் சார்பிலே, கறுப்பின இளைஞர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளித்து, அந்தத் தொழில்களிலே பழகுநராகச் சேர்க்கும் பணியைக் கிரீன் ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 1977-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவரைத் தொழிலாளர் துறையின் துணைச் செயலராக அமர்த்தினார். வேலைவாய்ப்பும் தொழிற்பயிற்சியும் அவருடைய பொறுப்பிலே வந்தன; நாடு முழுவதிலுமிருந்த பழகுநர் திட்டங்களின் கோப்புகள் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.